அனகாபுத்தூர் லைன், ஜனவரி 19

பவர் ஹவுஸ் கேம்ப், நீலகிரி
4-3-1973

முனிரத்தினம் அண்ணாவுக்கு,

எட்மண்ட் எழுதுவது. கவரின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், மீதியையும் படித்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தேன். முதல் இரண்டு தடவை உங்களுக்கு நினைவு திரும்பவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை திரும்பியிருந்தது. அண்ணி வெளியே வந்து, "அவரு உங்களப் பாக்க மாட்டேன்றாரு சார், மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்கள். நான் எதை மனசில் வைத்துக்கொள்ள? கொண்டு வந்த சாத்துக்குடியை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

என்னை இந்த மலைக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. புருஷன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் என்றாகிவிட்டது; ஜெயசீலிக்குப் பள்ளிக்கூட வேலை இருப்பதால் அவள் தாம்பரத்திலேயே இருக்கிறாள். உங்கள் உடம்பைப் பற்றி அவள்தான் யார் யாரிடமோ கேட்டு எனக்கு எழுதுகிறாள்.

விசாரணையில் நான் சொன்னதை உங்களுக்கும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஜனவரி பத்தொன்பது, மதியம் ஒன்றரை மணிக்கு, கம்பம் ஏற லைன் கிளியர் கேட்டு நீங்கள் ஆற்றோரத்திலிருந்து சப்-ஸ்டேஷனுக்கு போன் செய்தீர்கள். அனகாபுத்தூர் லைனை நிறுத்தினேன். கைப்பிடியில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ பலகையை மாட்டினேன். புத்தகத்தில் எழுதி, "லைன் கிளியர் பதினாலு" என்றேன். நீங்களும் "பதினாலு" என்று திருப்பிச் சொன்னீர்கள். நீங்கள் வேலையை முடித்து இறங்கி அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தக் கைப்பிடியை யாரும் தொடக்கூடாது. மந்திரியே போன் செய்தாலும் தொடக்கூடாது.

நாலு பத்துக்குப் பல்லாவரம் லைனுக்கு மின்வெட்டு நேரம் முடிந்தது. அதைப் போட்டேன். இரண்டு கைப்பிடியும் பக்கத்துப் பக்கத்தில். நாலு பன்னிரண்டுக்கு போன் வந்தது, உங்களுக்குக் கரண்ட் அடித்துக் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டீர்கள் என்று. கைப்பிடிகளிடம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அனகாபுத்தூர் கைப்பிடி நிறுத்தியபடியே இருந்தது, பலகையும் இருந்தது. ஆனால் முதலில் தப்பானதைப் போட்டு, சட்டென்று எடுத்துவிட்டு, பிறகு சரியானதைப் போட்டேனோ? அன்று எனக்கு இரட்டை ஷிப்ட். காலையிலிருந்து இருபதுக்கு மேல் போட்டு எடுத்திருந்தேன். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"தவறுதலாகப் போட்டிருக்க முடியுமா?" என்று இன்ஜினியர் வைத்தீஸ்வரன் கேட்டார். "இருக்கலாம் சார்" என்றேன். ஒரு மணி நேரத்தில் விசாரணை முடிந்துவிட்டது.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எட்மண்ட்

---

பம்மல்
17-3-1973

ஆப்பரேட்டர் சார் அவர்களுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஆற்று மணலில் விழுந்ததால் இடுப்பு தப்பியது. டாக்டர் என்னை அதிர்ஷ்டக்காரன் என்றார். அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது, சொல்லலாம்.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். என் கோபம் எங்கே என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பதினோரு வருஷமாக உங்களிடம் லைன் கிளியர் வாங்கி ஏறியிருக்கிறேன். மற்ற ஆப்பரேட்டர் எண் கொடுத்தால் ஏறுவதற்கு முன்னால் இரண்டு தரம் யோசிப்பேன். நீங்கள் கொடுத்தால் பீடியை அணைத்துவிட்டு ஏறிவிடுவேன். கம்பத்தின் மேலே நான் தொடுவது கம்பியை இல்லை சார், கீழே போனில் கேட்ட குரலைத்தான் தொடுகிறேன். அந்தக் குரல் இப்போது "இருக்கலாம்" என்கிறது. போட்டேன் என்றால் சண்டை போடலாம். போடவில்லை என்றாலும் சண்டை போடலாம். இருக்கலாம் என்று சொல்கிற ஆளோடு நான் என்ன செய்ய?

என்னைக் கம்பத்தில் ஏற்றுவதில்லை. கம்ப்ளெயிண்ட் ஆபீசில் போன் எடுக்கும் வேலை. இந்த மின்வெட்டுக் காலத்தில் இதைவிடக் கம்பமே மேல். நேற்று குரோம்பேட்டையிலிருந்து ஒருவர். "சார், கரண்ட் எங்க வூட்ல மட்டும் இல்லியா, தெருவுக்கே இல்லியா?" என்றார். "தெருவுக்கே இல்லை" என்றேன். "அப்ப சரி" என்று நிம்மதியாக போனை வைத்துவிட்டார்.

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. இனி எழுத வேண்டாம்.

முனிரத்தினம்

---

பவர் ஹவுஸ் கேம்ப்
1-4-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். தம்பி என்று கூப்பிட்ட வாயால் ‘ஆப்பரேட்டர் சார்’ என்று எழுதியிருந்தீர்கள், அதுவே எனக்குப் போதுமான அடி.

இங்கே அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய மாட்டுவண்டிப் பாதைகூட வெளியே தெரிகிறது. மூன்று இயந்திரங்களில் ஒன்றுதான் ஓடுகிறது. உங்கள் குரோம்பேட்டைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வந்த நாளிலிருந்து நான் ஒரு கைப்பிடியையும் தொடவில்லை. தொடப் போனால் இது சரியானதுதானா என்று பெயர்ப் பலகையை நாலு தரம் படிக்கிறேன், பிறகும் கை எழவில்லை. உடன் வேலை பார்க்கும் ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனிதர். நான் புத்தகம் எழுதுகிறேன், அவர் போட்டு எடுக்கிறார். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? மேலதிகாரி கவனித்துவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபம் வரும் என்று தெரிந்தே கேட்கிறேன். வேலை செய்யும் இடத்தில் லைனுக்கும் தரைக்கும் சங்கிலி போட்டீர்களா? போட்டிருந்து, நான் தப்பாக லைனைப் போட்டிருந்தால், கரண்ட் சங்கிலி வழியாக மண்ணில் இறங்கி, அதே நொடியில் சப்-ஸ்டேஷனில் சுவிட்ச் தானாக விழுந்திருக்க வேண்டும். விழுந்தால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கொடி சாயும், அதை நாம் கையால் நிமிர்த்தும்வரை சாய்ந்தேதான் இருக்கும். அன்று கொடி சாயவில்லை. விசாரணையில் இதைச் சொன்னேன். "சங்கிலி சரியாகப் பட்டிருக்காது" என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

எட்மண்ட்

---

பம்மல்
9-4-1973

சார்,

போட்டேன்.

இருபது வருஷ லைன்மேனைப் பார்த்துச் சங்கிலி போட்டாயா என்று கேட்கிறீர்கள். உங்களை ஜெபம் பண்ணினீர்களா என்று நான் கேட்டேனா? கீழே நின்ற கேங் ஆட்கள் மூன்று பேர் பார்த்தார்கள். துருவைச் சுரண்டிவிட்டு, கம்பியில் நன்றாகப் பட வைத்து, ஆட்டிப் பார்த்துத்தான் போட்டேன். சரியாகப் பட்டிருக்காது என்று எழுதிக்கொண்டவர்கள் ஒருநாள் வந்து போட்டுக் காட்டட்டும்.

அன்று செய்த வேலையையும் கேளுங்கள். அந்தக் கம்பத்தில் ஜம்பர் கருகியிருந்தது. இந்தப் பக்கத்துக் கம்பியையும் அந்தப் பக்கத்துக் கம்பியையும் சேர்க்கும் துண்டு. மூன்றையும் அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டால் லைன் இரண்டாகப் பிரிந்துவிடும். சப்-ஸ்டேஷன் பக்கத்தில் சங்கிலி இருந்தது. அந்தப் பக்கம் மிச்சமிருந்தது நாலு கம்பமும் கடைசியில் ஒரு டிரான்ஸ்பார்மரும்தான். அந்தப் பக்கம் செத்த லைன். அதற்கு எவன் சங்கிலி போடுவான்? நான் மட்டும் இல்லை, நம் டிவிஷனில் யாரும் போடுவதில்லை.

புது ஜம்பரை முறுக்கும்போதுதான் அடித்தது. வலது கையில். வலது கை அந்தப் பக்கத்துக் கம்பியில் இருந்தது.

இதை எழுதும்போதுதான் எனக்கே இது தெரிகிறது. மூன்று மாதமாக உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் எந்தக் கையில் அடித்தது என்று யோசிக்கவே இல்லை. உங்களிடமிருந்து கரண்ட் வந்திருந்தால் இடது கைப்பக்கம் சங்கிலியில் இறங்கியிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து எப்படி வரும்? அந்தப் பக்கம் யாரும் இல்லையே.

முனிரத்தினம்

---

பவர் ஹவுஸ் கேம்ப்
13-5-1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையிலெடுத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ‘அந்தப் பக்கம் யாரும் இல்லையே’ என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். நான் இரண்டு கார்டு போட்டேன், பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று ஜெயசீலியைப் பம்மலுக்கு அனுப்பினேன். நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்களாம். காபி கொடுக்கச் சொன்னீர்களாம். அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். கோபமாக இருந்தாரா என்று எழுதிக் கேட்டேன். "கோபம் இல்லீங்க, பயந்த மாதிரி இருந்தாரு" என்று எழுதியிருக்கிறாள். எனக்குப் புரியவில்லை.

என் விஷயத்துக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. ‘ஆப்பரேட்டர் வேலைக்கு நான் தகுதியில்லை, ஸ்டோர்ஸில் போடச் சம்மதிக்கிறேன்’ என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மறுபடி ஆப்பரேட்டர் ஆக முடியாது. போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருக்கலாம். போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆள் அடிபட்டிருக்கிறது, அது என் கையா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு லைன் கிளியர் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இதற்காவது பதில் போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

எட்மண்ட்

---

பம்மல்
20-5-1973

தம்பி எட்மண்டுக்கு,

கையெழுத்துப் போடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கை ஒரு தப்பும் செய்யவில்லை.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி. எனக்கு இதை எழுத ஐந்து வாரம் ஆயிற்று.

அந்தக் கடைசி டிரான்ஸ்பார்மரில் இரண்டே கனெக்‌ஷன். ஒன்று தோட்டத்துப் பம்ப்செட். இன்னொன்று அப்பாதுரையின் ஷெட். அப்பாதுரை யார் என்று உனக்குத் தெரியும், உன் அண்ணியோடு பிறந்தவன், நெசவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவன். சித்திரை மாதம் புது மெஷினுக்குப் பூஜை போட்டான். குடும்பத்தோடு போயிருந்தோம். சூடம் காட்டும்போது கரண்ட் போய்விட்டது. அவனிடம் ஏலத்தில் எடுத்த டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. அதைக் கிளப்பப் போனவன், முதலில் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

"இன்னா மச்சான், பெரிய இன்ஜினியராட்டம் மெயினைப் புடுங்குற" என்று சும்மாதான் கேலி செய்தேன்.

"ஒரு தபா பட்டாச்சு மாமா" என்றான். "மெயினைப் புடுங்காம ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஒரே முக்கு முக்கி டுப்புனு நின்னுடுச்சு. அப்பால புடுங்கிட்டுத்தான் ஓடுச்சு."

"எப்போ?"

"பொங்க கழிச்சு. நாலு மணி இருக்கும். பல்லாவரம் போயிட்டு அப்பதான் வந்தேன், ஆளுங்க கரண்ட் இல்லாம குந்திக்கினு இருந்தானுங்க. அன்னிக்கித்தான் மாமா நீ வுழுந்தது. சேதி பொழுது சாஞ்சுதான் வந்துச்சு."

அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதை இல்லை. மேலேயிருந்து வந்தால் குறைத்துக் கொடுக்கும். கீழேயிருந்து போனால் ஏற்றிக் கொடுக்கும். மெயினைப் பிடுங்காததால் அவன் ஜெனரேட்டர் கரண்ட் வெளியே வந்து, டிரான்ஸ்பார்மரில் ஏறி, செத்த லைன் என்று நான் பிடித்துக்கொண்டிருந்த கம்பிக்கு வந்திருக்கிறது. ஒரு நொடிதான். அந்த நொடியில் என் இரண்டு விரல் போயிற்று. நீ பல்லாவரத்தைப் போட்டதும் அதே நேரம். அவ்வளவுதான் உன் பங்கு.

இத்தோடு முடிந்திருந்தால் அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்திருப்பேன்.

அந்த ஜெனரேட்டருக்கு வயர் இழுத்துக் கொடுத்தது நான். போன தீபாவளி வாரம். இலாகாவுக்குத் தெரியாமல், லீவு நாளில், மச்சானுக்காகச் செய்தேன். லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே சமயத்தில் சேராதபடி மாற்றிப் போடுகிற சுவிட்ச் ஒன்று வைக்க வேண்டும். அது கடையில் இல்லை. வந்ததும் வைக்கலாம் என்று சொல்லி, "மொதல்ல மெயினைப் புடுங்கு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணு" என்று அவனுக்குப் பாடம் சொல்லிவிட்டு, வடையைத் தின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த சுவிட்ச் என் ஞாபகத்திலேயே இல்லை.

என் கையை நானே சுட்டுக்கொண்டு, மூன்று மாதம் உன்னைச் சபித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் உன்னை நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினேன். ஜெயசீலி வீட்டுக்கு வந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்காதது இதனால்தான். வேலை போய்விடும் என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் கூட.

உன் மேல் ஒரு வருத்தம் மட்டும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செய்யாத தப்பை ‘இருக்கலாம்’ என்று ஏன் ஒப்புக்கொண்டாய்? நீ இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவர்கள் அந்தப் பக்கம் போய்த் தேடியிருப்பார்கள். உன் மனசாட்சிக்கும் ஒரு லைன் கிளியர் கொடுத்து வை, கொஞ்ச நாள் அடிக்காமல் இருக்கட்டும்.

முனிரத்தினம்

---

பவர் ஹவுஸ் கேம்ப்
25-5-1973

அன்புள்ள அண்ணா,

கடிதம் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. ‘உன் கை ஒரு தப்பும் செய்யவில்லை’ என்ற வரிக்கு மேல் வெகுநேரம் போக முடியவில்லை. அழுதேன். ஸ்ரீநிவாசராகவன் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். சந்தோஷ சமாசாரம் என்று அவருக்குப் புரிய வைக்கப் பெரும்பாடாகிவிட்டது.

இரண்டு மணிக்கு இரண்டாவது இயந்திரத்தை லைனில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் வழக்கம்போல எழுந்தார். "நீங்க உட்காருங்க, நான் போடறேன்" என்றேன். போட்டேன். பெயர்ப் பலகையை ஒரு தரம்தான் படித்தேன். அண்ணா, எனக்கு இப்போது பசிக்கிறது. நாலு மாதமாக எனக்குப் பசி என்பதே தெரியவில்லை, இன்றைக்குத்தான் தெரிகிறது.

கோபம் வருகிறதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் வந்தது. ஐந்து வாரம் என்றீர்களே, அதை நினைத்து. அந்த ஐந்து வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு அதுவும் போய்விட்டது. வெட்கத்தோடு இருப்பது எப்படி என்று எனக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இதை இன்ஜினியரிடம் சொல்ல வேண்டாம். இலாகாவுக்குத் தெரியாமல் வயர் இழுத்தீர்கள் என்றால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கை வேறு இப்படி. வேறு வேலைக்கு எங்கே போவீர்கள்? எனக்குத் தெரிந்தால் போதும். கையெழுத்துப் போட மாட்டேன், இங்கேயே ஆப்பரேட்டராக இருந்துவிடுகிறேன். ஜெயசீலியை ஊட்டிப் பக்கம் மாற்றல் கேட்கச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், யார் கண்ணிலும் படாது.

அப்பாதுரைக்கு மட்டும் அந்த சுவிட்சை உடனே வாங்கி வையுங்கள்.

எட்மண்ட்

---

பம்மல்
11-6-1973

தம்பிக்கு,

நீ இப்படித்தான் எழுதுவாய் என்று தெரிந்துதான், உனக்குக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே, திங்கட்கிழமை காலையில், இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். உன் பதில் வரும்வரை காத்திருந்தால் உன் பேச்சைக் கேட்டுவிடுவேனோ என்று பயம்.

வைத்தீஸ்வரன் சார் முதலில் நம்பவில்லை. "ஏன்யா, ஆப்பரேட்டரைக் காப்பாத்தறதுக்காகக் கதை கட்டறியா?" என்றார். அப்பாதுரை ஷெட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்து லைனைத் தனியாகப் பிரித்து, ஆள் அண்டாமல் நிறுத்தி, கம்பியில் சோதனைக் கருவியை வைத்து, மெயினைப் புடுங்காமல் ஜெனரேட்டரைக் கிளப்பச் சொன்னார். ஒரு முக்கு, டுப். கருவியின் முள் எகிறி விழுந்தது. அப்பாதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமா, நானா?" என்று என் காலைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லடா, நானு" என்று தூக்கிவிட்டேன்.

பிறகு சாரின் வாயிலிருந்து வந்ததை எல்லாம் எழுத முடியாது. அண்ணி இந்தக் கடிதத்தைப் படிப்பாள். எல்லாம் எனக்குத் தகும் என்பதால் கைகட்டிக் கேட்டுக்கொண்டேன்.

தண்டனை வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு எனக்குச் சம்பள உயர்வு கிடையாது. வேலை போகவில்லை. நானாக வந்து சொன்னதால் விட்டார்களாம். இரண்டு தலைமுறைக்கு ஜெயிலில் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு இது பூமாலை மாதிரி இருந்தது. ஆபீசை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, தெரியாத ஆளிடம் "வேலை போகலைங்க" என்று சொன்னேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

இன்னொரு தண்டனையும் உண்டு. பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரை ஜெனரேட்டர் வைத்திருக்கிற ஷெட், சினிமாக் கொட்டகை, கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் பார்த்து, மாற்று சுவிட்ச் இல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மின்வெட்டில் தெருவுக்கு ஒன்று முளைத்திருக்கிறது. இதுவரை பத்தொன்பது அகப்பட்டது. அதில் ஐந்து என் கைவேலை. சார் முகத்தைப் பார்க்காமல் "இதுவும் நான்தாங்க" என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். இனிமேல் எந்தக் கம்பத்தில் ஏறினாலும் இரண்டு பக்கமும் சங்கிலி போட வேண்டும் என்று டிவிஷனுக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

உன் மேல் எழுதியிருந்ததை அடித்துவிட்டார்கள். திரும்பி வர உத்தரவு இந்த வாரம் கிளம்பும் என்று ஆபீசில் சொன்னார்கள்.

கோபப்பட உனக்கு உரிமை உண்டு. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் வந்தது என்று எழுதியிருந்தாய். இன்னும் கொஞ்சம் படு. இவ்வளவு சுலபமாக விட்டுவிடாதே. எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

முனிரத்தினம்

---

பவர் ஹவுஸ் கேம்ப்
24-6-1973

அன்புள்ள அண்ணா,

சொன்ன பேச்சைக் கேட்காத உங்களுக்கு என் வந்தனம்.

உத்தரவு வந்துவிட்டது. இங்கே பத்து நாளாக மழை. சும்மா மழையில்லை, பேசினால் காதில் விழாத மழை. மாட்டுவண்டிப் பாதை முங்கிவிட்டது. நேற்றிலிருந்து மூன்று இயந்திரமும் ஓடுகிறது. மூன்றையும் என் கையாலேயே போட்டேன். கீழே உங்கள் ஊரில் விளக்கு கொஞ்சம் பிரகாசமாக எரிந்தால் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கொஞ்சம் கோபப்படச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன். எனக்கு இப்போது சந்தோஷமாக இருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியவில்லை. வந்து சேர்ந்த பிறகு, ஜெயசீலியிடம் பேசாமல் இருந்ததற்கு அவள் உங்களை நேரில் கேட்பாள். அது என்னைவிடப் பலமாக இருக்கும்.

அடுத்த மாதம் ஆறாம் தேதி தாம்பரம் வந்துவிடுவேன். ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஷிப்ட். பழைய சப்-ஸ்டேஷன், பழைய நாற்காலி.

ஒன்றுதான் மனசில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் தப்பு செய்யவில்லை என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்து மாதமும் கேங்கில் எல்லோரும் நான் எண் கொடுத்தால் இனி ஏற மாட்டோம் என்று பேசிக்கொண்டதாக ஜெயசீலி காதில் விழுந்திருக்கிறது. இனி யாராவது என்னிடம் லைன் கிளியர் வாங்கி ஏறுவார்களா? உத்தரவு போட்டு அதைச் செய்ய முடியாது. முதல் ஆள் கேட்கும்வரை எனக்குத் தூக்கம் வராது.

எட்மண்ட்

---

தபால் கார்டு
பம்மல், 29-6-1973

தம்பி,

எனக்குக் கம்பம் ஏற டாக்டர் சீட்டு கொடுத்துவிட்டார். இன்ஜினியரிடமும் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் தேதி, பத்து மணிக்கு, அனகாபுத்தூர் லைனில் எனக்கு லைன் கிளியர் வேண்டும். கேங் முழுக்கக் கீழே நிற்கும். நான்தான் ஏறுகிறேன். எட்டு விரல் போதும்.

முனிரத்தினம்